நான்காவது மஞ்சள் அட்டை

மூன்றாவது கோல் விழுந்ததும் வீட்டில் எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். அப்பா கையிலிருந்த செய்தித்தாளைக் கூரையைப் பார்த்து வீசினார். அம்மா மடித்துக்கொண்டிருந்த போர்வையோடு அப்படியே நின்றுவிட்டார். வாலு மட்டும் எழுந்திருக்கவில்லை. டிவிக்கு ஒரு முழம் தள்ளி மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கோல் போட்டது அவளுடைய அக்கா.

"தூக்கு, தூக்கு, தூக்கு!" என்று வாலு வாய்க்குள்ளேயே சொன்னாள்.

அக்கா தூக்கினாள். ஓடிக்கொண்டே நீலச் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்தாள். உள்ளே போட்டிருந்த வெள்ளை பனியன் தெரிந்தது. ஆனால் கேமரா அவளுடைய முதுகுப் பக்கம் இருந்தது. அக்கா ஆள் இல்லாத பக்கமாகப் பார்த்து ஓடிவிட்டாள். பனியனின் முன்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

அங்கே என்ன எழுதியிருந்தது என்று வாலுவுக்குத் தெரியும். கறுப்பு மார்க்கரால் எழுதியதே அவள்தான்.

நடுவர் ஓடிவந்து அக்காவின் முன் மஞ்சள் அட்டையைக் காட்டினார்.

"ஏங்க, கோல் போட்டதுக்கு எதுக்கு அட்டை?" என்று அம்மா கேட்டார்.

"சட்டையைத் தலைக்கு மேல தூக்கக் கூடாது. அது விதி. விடு, ஒரு மஞ்சள்தானே! பின்னால நின்னு தடுக்கிற பிள்ளை இன்னைக்குக் கோல் போட்டிருக்கு. அதைப் பாரு" என்றார் அப்பா.

வாலுவுக்குப் பதினொரு வயது. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். வீட்டிலும் தெருவிலும் அவள் வாலுதான்.

அக்காவுக்குப் பதினாறு. பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களின் சர்வதேசக் கால்பந்துக் கோப்பைக்கான நாட்டு அணியில் அவள் பின்வரிசை ஆட்டக்காரி. கோப்பைக்குப் போவதற்கு முன் தகுதிச் சுற்று உண்டு. நான்கு அணிகள் ஒரு பிரிவில் மோதும். முதலில் வரும் ஓர் அணி மட்டும் கோப்பைக்குப் போகும்.

அதற்காக அக்கா நான்கு மாதம் முகாமில் இருந்தாள். முகாம் இதே ஊரில்தான், பஸ்ஸில் நாற்பது நிமிஷம். ஆனாலும் வீட்டுக்கு வர அனுமதி இல்லை. வாலுவின் வகுப்பில் ரேடியோ என்று ஒருத்தி உண்டு. எந்தச் செய்தியும் அவள் வாயில் தங்காது.

"ஒரே ஊர்ல இருந்துக்கிட்டே உங்க அக்கா வீட்டுக்கு வரல பார்த்தியா? டீமுக்குப் போயிட்டா அப்படித்தான். உன் முகமாவது அவளுக்கு ஞாபகம் இருக்குமா?" என்று அவள் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

வெளிநாடு கிளம்புவதற்கு முந்தின நாள், ஒரே ஒரு சாயங்காலம், அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் வாலு மார்க்கரோடு வந்தாள். அக்காவின் வெள்ளை பனியனில் 'வாலு' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"கோல் போட்டதும் சட்டையைத் தூக்கி இதைக் காட்டணும். எங்க கிளாஸ் முழுக்க டிவி பார்ப்பாங்க."

"அடியே, நான் டிஃபன்ஸ்டி. என் வேலை கோலைத் தடுக்கிறது. நான் எங்க போய் கோல் போட?"

"போட்டா?"

"போட்டா மஞ்சள் அட்டை குடுப்பாங்க."

"ஒண்ணுதானே? சத்தியம் பண்ணு."

அக்கா சிரித்துக்கொண்டே அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். இதுவரை ஒரு கோல்கூடப் போடாதவளுக்குச் சத்தியம் செய்வதில் என்ன கஷ்டம்?

ஆட்டம் முடிந்தது. நம் அணி மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு மைதானத்தில் அதே பிரிவிலுள்ள பச்சைச் சட்டை அணியும் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. அப்போதுதான் டிவியில் அட்டவணையைப் போட்டார்கள்.

இரண்டு அணிகளுக்கும் ஏழு புள்ளிகள். இரண்டு அணிகளும் ஆறு கோல் போட்டு இரண்டு கோல் வாங்கியிருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று மோதிய ஆட்டமும் சமம். இப்படி எல்லாமே சமமாக இருந்தால் மஞ்சள் அட்டை குறைவாக வாங்கிய அணிதான் கோப்பைக்குப் போகும்.

பச்சை அணிக்கு மூன்று மஞ்சள் அட்டை. நமக்கு நான்கு.

அப்பா மெல்லக் குனிந்து தரையில் கிடந்த செய்தித்தாளைப் பொறுக்கினார். டிவியை யார் அணைத்தது என்று வாலுவுக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தாள். அணியில் மற்றவர்கள் வெளியூர்ப் பெண்கள். சனிக்கிழமை ரயிலேறும் வரை அவர்கள் முகாம் விடுதியிலேயே தங்கினார்கள்.

அக்கா அழவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

"ஏம்மா தூக்கினே?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார்.

"சந்தோஷத்துல தூக்கிட்டேன்ப்பா. அவ்வளவுதான்."

வாலு சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, அந்தப் பனியன்ல…"

"சாப்பிடு" என்றாள் அக்கா. பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் மேஜைக்கு அடியில் அவள் கால் வாலுவின் காலை அழுத்தியது.

மூலைக் கடைக்காரர் அம்மாவிடம், "டிவியில முகம் காட்டணும்னு உங்க பொண்ணுக்கு அவ்வளவு ஆசையா?" என்று கேட்டார். அம்மா வாங்க வந்ததை வாங்காமல் திரும்பிவிட்டார். அப்பா பஸ் ஓட்டுநர். வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாம் அவரிடம் விளக்கம் கேட்டார்கள். "ஒரு சிக்னல்ல நிக்கிறதுக்குள்ள பத்துப் பேர் கோச் ஆயிடுறாங்க" என்று அவர் வீட்டில் வந்து சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பில் ரேடியோ, "உங்க அக்கா ஷோ காட்டப் போய் மொத்த டீமையும் கவுத்துட்டா" என்றாள். ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை திருப்பிக் கொடுக்கிற வாலு, அன்று பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். பென்சில் விரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது.

வியாழக்கிழமை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது வாலு அந்தப் பனியனைப் பார்த்தாள். அக்கா அதைத் தானே துவைத்திருந்தாள். தேய்த்துத் தேய்த்து நடுவில் துணி நைந்திருந்தது. மார்க்கர் மை அப்படியெல்லாம் போகாது. அதனால் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போட்டிருந்தாள். வெயிலில் எழுத்துகள் இடவலம் மாறி, மங்கலாகத் தெரிந்தன.

வாலு மற்ற துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

அன்று சாயங்காலம் செய்தித்தாளில் அவள் இன்னொரு விதியைப் படித்தாள். மஞ்சள் அட்டையும் சமமாக இருந்திருந்தால் சீட்டுக் குலுக்கி எடுப்பார்களாம்.

அவள் இரண்டு துண்டுக் காகிதத்தில் 'நாம்', 'பச்சை' என்று எழுதி மடித்தாள். பென்சில் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தாள். 'நாம்'. மறுபடியும் எடுத்தாள். 'நாம்'. மூன்றாவது தடவை 'பச்சை'. பத்துத் தடவை எடுத்ததில் ஆறு தடவை நாம் ஜெயித்தோம். அடுத்த பத்தில் மூன்றே தடவை.

"என்ன பண்றே?" அக்கா பின்னால் நின்றாள்.

"சும்மா."

அக்கா டப்பாவைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து ஒரு சீட்டை எடுத்தாள். வெகு நேரம் விரலுக்கிடையில் வைத்திருந்தாள். பிரிக்காமலேயே திரும்ப டப்பாவில் போட்டுவிட்டாள்.

"அக்கா, நான் எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?"

"சொன்னா என்ன ஆகும்? தோத்தது மாறுமா?"

"மாறாது."

"அப்புறம் எதுக்கு? என்னைத் திட்டுறவங்க உன்னையும் சேர்த்துத் திட்டுவாங்க. நீ ஸ்கூலுக்குப் போகணும் வரணும். பேசாம இரு."

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் முகாம் மைதானத்து ஸ்டோரில் சீருடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு ரயில்.

"நான் போகல. அம்மா, யாராவது பையை மட்டும் குடுத்துட்டு வந்துடுங்க" என்றாள் அக்கா.

"எல்லாரையும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடேன்" என்றார் அம்மா.

"வேணாம்மா."

அடுத்த வருஷம் இவர்கள் எல்லோருக்கும் வயது கூடிவிடும். இந்த அணி இனி கூடாது. அவரவர் ஊர், அவரவர் வீடு. நாளை நான்கு மணிக்குப் பிறகு இவர்கள் ஒரே இடத்தில் இருக்கப்போவதே இல்லை. வாலு விரலை மடக்கிப் பார்த்தாள். இருபது மணி நேரம்கூட இல்லை.

"நான் குடுத்துட்டு வர்றேன்" என்றாள்.

காலையில் அப்பாவின் பஸ்ஸிலேயே போனாள். பை அவள் இடுப்பளவு இருந்தது. "ஸ்டோர்ல குடுத்துட்டு வாசல்லயே நில்லு. பதினொண்ணே காலுக்கு இதே வழியா திரும்பி வருவேன்" என்று சொல்லி அப்பா அவளை மைதான நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்.

ஸ்டோர் மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மாமா, நெத்தியில" என்றாள் வாலு.

"அட!" அவர் கண்ணாடியை இறக்கிப் பட்டியலைப் பார்த்தார். "நீலச் சட்டை ரெண்டு, சரி. வெள்ளை ரெண்டு, சரி. காலுறை நாலு ஜோடி… ஏழுதான் இருக்கு. எட்டாவது எங்க?"

"அது பைக்குள்ள ஷூவுக்குள்ள இருக்கும். எங்க அக்கா எப்பவும் அப்படித்தான்."

இருந்தது. ஸ்டோர் மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை இரண்டு விரலால் வாங்கினார்.

ஸ்டோருக்குப் பின்னால் படிக்கட்டில் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும். பெட்டிகள் பக்கத்தில் கிடந்தன. டிவியில் பெரிய ஆட்களாகத் தெரிந்தவர்கள், நேரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரியே இருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அவ பையை மட்டும் அனுப்பிட்டா போல" என்றாள் கோல்கீப்பர். எல்லோரையும்விட உயரமானவள், அதனால் அவள் பெயர் நெட்டை.

"வேற எப்படி வருவா? மூஞ்சியைக் காட்ட முடியுமா?" இது முன்வரிசையில் ஆடுகிற வேகம். ஓட்டத்தில் அவளை யாரும் பிடிக்க முடியாது.

"விடுடி" என்றாள் கேப்டன்.

"எதை விடுறது? ஆறு வருஷம் ஓடியிருக்கேன். எங்க ஊர்ல கிரவுண்டே கிடையாது, ரோட்டுல ஓடினேன். அவளுக்குக் கேமராவுல பனியனைக் காட்டணும். அதுக்கு நாம எல்லாரும் வீட்டுக்குப் போகணும். அப்படித்தானே?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாலு வந்திருந்தாள். வழியெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தாள். முதலில் வணக்கம், பிறகு தான் யார் என்பது, பிறகு நடந்தது, கடைசியில் மன்னிப்பு. இப்போது அந்த வரிசை எங்கோ போய்விட்டது.

"கேமராவுக்கு இல்ல" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "எனக்கு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ யாரு பாப்பா?"

"தங்கச்சி. அது நான் எழுதினது. பனியன்ல என் பேரை எழுதினேன். கோல் போட்டா காட்டணும்னு சத்தியம் வாங்கினேன். அட்டை குடுப்பாங்கன்னு அக்கா சொன்னா. நான்தான் கேட்கல. தான் கோலே போட மாட்டோம்னு நெனச்சு சத்தியம் பண்ணிட்டா."

"எதுக்கு எழுதினே?" என்று கேப்டன் கேட்டாள்.

"எங்க கிளாஸ்ல ஒருத்தி… அக்காவுக்கு என்னை ஞாபகமே இருக்காதுன்னு சொன்னா."

சொல்லி முடித்ததும் அந்தக் காரணம் வாலுவுக்கே மிகவும் சின்னதாகத் தெரிந்தது. ஆறு வருஷம் ரோட்டில் ஓடியவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய்ச் சொல்கிற காரணமா இது?

தலை பின்னிக்கொண்டிருந்தவளின் கை பாதிப் பின்னலில் நின்றது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ ஏன் எங்ககிட்ட இதைச் சொல்லல?" என்றாள் நெட்டை.

"வீட்டுலயும் சொல்லல. சொன்னா என்னைத் திட்டுவாங்களாம். அந்தப் பனியனைத் திருப்பிப்போட்டுத்தான் காயவைக்கிறா." வாலுவுக்கு மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்தாள். "அவ அழவே இல்ல. வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட."

கேப்டன் குனிந்து தன் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

"நாலு மஞ்சள் அட்டை" என்றாள் கடைசியில். "ஒண்ணு என்னோடது. முதல் மேட்ச்ல ஒரு த்ரோவுக்காக ரெஃபரிகிட்ட வாய் குடுத்தேன். அதைப் பத்தி என்னை யாராவது கேட்டீங்களா?"



"ஒண்ணு என்னோடது. பந்தை வெச்சுக்கிட்டு நேரம் கடத்தினேன்" என்றாள் நெட்டை. சொல்லும்போதே அவள் முகம் கோணியது. அவ்வளவு உயரமான பெண் அப்படி அழுது வாலு பார்த்ததில்லை.

மூன்றாவது அட்டை வேகத்தினுடையது. எல்லோருக்கும் அது தெரியும்.  வேகம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"உன் வீடு எவ்வளவு தூரம்?" என்று கேப்டன் வாலுவைக் கேட்டாள்.

"நாப்பது நிமிஷம். பதினொண்ணே காலுக்கு எங்கப்பா பஸ் வரும்."

"ரயிலுக்கு நேரம் இருக்கு. வர்றவங்க வாங்க" என்று கேப்டன் எழுந்தாள். பெட்டிகளை ஸ்டோர் மாமாவிடம் விட்டுவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் எழுந்திருக்கவில்லை. வாலு எண்ணினாள். பதினான்கு பேர்.

வேகம் அவளைத் தாண்டிப் போகும்போது நின்றாள். "உன் மேல எனக்குக் கோபம் இல்ல பாப்பா. ஆனா இன்னைக்கு என்னால வர முடியாது. அவகிட்ட அப்படியே சொல்லிடு."

வாலு தலையாட்டினாள்.

பஸ் வந்து நின்றது. முன்வாசலில் வாலு ஏறினாள். அவள் பின்னால் கேப்டன், அவள் பின்னால் நெட்டை, அப்புறம் ஒரு நீள வரிசை. அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு, திரும்பியும் பார்த்தார்.

"என்ன வாலு, பையைக் குடுத்துட்டு வரச் சொன்னா, டீமையே கூட்டிட்டு வந்துட்டே?"

"வீட்டுக்குப்பா."

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. பின் இருக்கையில் ஒருவர், "இதுங்கதானே தோத்துட்டு வந்ததுங்க?" என்றார். "கம்பியைப் பிடிச்சுக்குங்க சார், வண்டி எடுக்கணும்" என்று அப்பா கொஞ்சம் வேகமாகவே எடுத்தார்.

அக்காதான் கதவைத் திறந்தாள். படி முழுக்க முகங்கள். முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கேப்டனின் கைக்குக் கீழே நின்ற வாலுவைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ஏண்டி? நான்தான் பேசாம இருன்னு…"

அந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை. மைதானத்தில் வராதது, விமானத்தில் வராதது, ஐந்து நாளாக வீட்டில் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. கதவுப்பிடியைப் பிடித்தபடியே வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

கேப்டன் அழாதே என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோல் நல்ல கோல்டி" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டு அக்கா இன்னும் பெரிதாக அழுதாள். நெட்டையும் சேர்ந்துகொண்டாள். மற்றவர்கள் அவர்களைத் தாண்டி உள்ளே வந்து, சுவரோரம், கட்டில்மேல், தரையில் என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"வேகம் வரல. இன்னைக்கு முடியலையாம். அப்படியே உன்கிட்ட சொல்லச் சொன்னா" என்றாள் வாலு.

"சரி" என்றாள் அக்கா. "அவ ரொம்ப ஓடினா."

அம்மா வேலைக்குப் போயிருந்தார். வீட்டுக்கு ஆள் வந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது வாலுவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சமையலறைக்கு ஓடினாள். இருந்தது ஆறு டம்ளர். ஆறு பேருக்குக் கொடுத்து, அவர்கள் குடிக்கும்வரை நின்று, வாங்கிக் கழுவி, அடுத்த ஆறு பேருக்குக் கொண்டுபோனாள். இப்படி எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை யாரும் எழுந்து போகவில்லை. யாரும் ரயிலைப் பற்றிப் பேசவும் இல்லை.

கடைசி டம்ளரை அக்காவிடம் நீட்டினாள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு பாதி குடித்தாள். மீதியை வாலுவிடம் கொடுத்து, "நீ குடிச்சியா?" என்று கேட்டாள்.